பக்கத்துக் கட்டில்

"தங்கச்சி, உங்கட மகனுக்குத் துண்டு வெட்டினாலும் வீட்ட கூட்டிப் போகாதீங்க."

மட்டக்களப்பில், வாவியோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில், பார்வை நேரத்துக்காகக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அடுத்தவரிடம் இதைச் சொன்னார். இருவரின் மகன்மாரும் ஒரே வாள்வெட்டில் எதிரெதிர்க் குழுக்களில் நின்று காயப்பட்டவர்கள். இப்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடக்கிறார்கள். டொக்டர் துண்டு வெட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

"இண்டைக்குத் துண்டு வெட்டிட்டாங்க அக்கா. கூட்டிப் போகத்தான் வந்தன்."

"அவன் போனா உங்கட ஆக்கள் வார்டுக்குள்ள வந்து என்ட மகன முடிச்சிருவானுகள். உங்கட மகன் பக்கத்துல கிடக்குமட்டுந்தான் வரமாட்டானுகள்."

காயப்பட்டவரையும் ஆஸ்பத்திரியையும் தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அது போருக்கு. தெருக்குழுக்களின் சண்டை அந்த வரையறைக்குள் வராது. ஆகவே இங்கே முழுப் பொறுப்பும் விசிலோடு நிற்கும் வாசல் காவலாளிக்கு.

"நான் சொன்னாக் கேப்பானுகளா அக்கா? என்ட மகனே என்ட சொல்லுக் கேக்கமாட்டான்."

"அப்ப அவனுக்குக் காய்ச்சல் எண்டு நர்ஸ் மிஸ்ஸிட்டச் சொல்லுங்க. உங்கட புள்ளைக்கும் சேர்த்துத்தான் சோறு கொண்டு வந்திருக்கன்."

மகன் போட்டுக்கொண்டு போக இளையவர் கொண்டு வந்த சட்டை பைக்கு வெளியே தெரிந்தது. அவர் தெருவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மதிலோட மோட்டார் சைக்கிள்ள நிக்கிற ரெண்டு பேரும் ஆர்ர ஆக்கள் அக்கா?"

மூத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்கட ஆக்கள்."

வாசல் திறந்தது. இளையவர் சட்டையைப் பைக்குள் அமுக்கினார்.

"அப்ப காய்ச்சல் எண்டே சொல்றன்."