சமையற்காரிக்கு வைத்த விருந்து

சிங்காநல்லூரிலிருந்து பெருந்துறை போகும் பஸ்ஸில் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் படித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முன் இருக்கையில் ஓர் இளம்பெண் பக்கத்து அம்மாளிடம் பேசியதுதான் காரணம்.

"எங்க சமையக்காரிய நல்லபடியா அனுப்பப் போயி, ஊட்டுக்காரரோட சண்டையாப் போச்சுங்க அக்கா."

"ஏங்கண்ணு, அவ என்ன பண்ணிப்போட்டா?"

"ஒண்ணும் பண்ணலீங்க. மாராக்காளுக்கு மில்லுல வேலை கெடச்சுது. போறவளுக்கு எலை போட்டு, என் கையால ஆக்கிப் பரிமாறோணும்னு ஆசை. ஊட்டுல எல்லாரும் அதையேதான் தின்னாங்க. தின்னுபோட்டு, 'அவளை உட்டுராதே'ன்னு மாமனாரு சொல்றாருங்க. ஊட்டுக்காரரு அவ போகக்கூடாதுன்னு கதவையே சாத்திப்போட்டாரு."

"மாராக்கா என்ன சொன்னா?"

"'இன்னும் கொஞ்ச நாள் இருந்து உங்களுக்குச் சமையல் சொல்லிக்குடுத்துட்டுப் போறேனுங்க'ன்னு அழுவுறா. நாளைக்குப் போகலீன்னா மில்லுல வேற ஆளு வெச்சுக்குவாங்க. அனுப்பறேன்னு நான் சொன்ன சொல்லு என்னாகறதுங்க? கதவத் தெறந்து, அவ மூட்டைய நானே தூக்கியாந்து வண்டி ஏத்தி உட்டுப்போட்டேன். அந்தக் கோவத்துலயே எங்கம்மா ஊட்டுக்கு நானும் பொறப்பட்டுட்டேன்."

வீடு திரும்பியதும் அந்தப் பெண்ணின் நியாய புத்தியை என் மனைவியிடம் பரவசமாக வர்ணித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்கல்லீங்க, இனி அந்த ஆம்பளைங்க காப்பி கிளப்புல வாய்க்கு ருசியாத் தின்பாங்க."