மியூசியத்துக்கு வந்த ஐந்து பேர்

“இன்னைக்கு அஞ்சு பேரு வந்தாவ. அஞ்சு பேரும் நாந்தான்.”

செம்பூரிலிருந்து தாராவி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த காக்கிச்சட்டைக்காரர் சொன்னார். மரப்பொம்மைகளும் பழைய கூத்து முகமூடிகளும் வைத்திருக்கும் சின்ன மியூசியம் ஒன்றுக்கு அவர் காவல்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய?” என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

“ஒருத்தரும் வரலன்னா மூடிருவாவ தம்பி. அதான், வந்தவங்க கையெழுத்துப் போடுத நோட்டுல நானே பேரு பேரா எழுதுதேன். ஒங்க மதினி பேரு தெனமும் இருக்கும்.”

“மதினி ஊர்லல்லா இருக்காவ?”

“நாலு வருசமா கடுதாசி எழுதிக் கூப்பிடுதேன், வரல. நோட்டுல எழுதினா ஒடனே வந்துருவா.”

சிரித்தது இளைஞன் மட்டும்தான்.

“இன்னைக்கு எங்க ஆபீசர் சாகிப் நோட்டைப் புரட்டிப் பாத்துட்டாரு. ‘யாரு இந்தப் பேச்சியம்மா, ஒரு நாள் தவறாம வாராங்களே! நாளைக்கு வந்தா என் ரூமுக்குக் கூட்டிட்டு வா, சாயா குடுக்கணும்’னு சொல்லுதாரு.”

“ஐயையோ! என்ன செய்யப் போறிய?”

பஸ் சயான் ஸ்டாப்பைத் தாண்டும்போது அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியை இறுக்கினார்.

“இனிமே அவ வரமாட்டா தம்பி.”