பின்பக்க பம்பர்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கோப்புக் காகிதங்களை மேசை மேலேயே பிரித்து வைத்துக்கொள்ளலாம். மறுவிசாரணைக்கு ஆள் வருவார் என்று உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம் வந்த அன்றைக்கே மேசையை ஒழித்து வைத்துவிட்டேன். பத்து மணி என்றால் பத்து மணிக்கு வந்து நிற்கிறீர்கள். இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

கேள்வியைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், புரிந்தது. முன்பக்க பம்பரும் இடது ஹெட்லைட்டும் உடைந்தது சரி, அதே விபத்தில் பின்பக்க பம்பர் எப்படி நசுங்கும் என்கிறீர்கள். ஓரத்தில் உங்கள் மேலதிகாரி சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். படிவத்தைப் பூர்த்தி செய்தவர் பின்பக்கத்தைத் தவறுதலாகச் சேர்த்திருக்கலாம் என்று. பூர்த்தி செய்தவன் நான். அந்தக் குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷமாகக் குமாஸ்தா, இப்போது தலைமை எழுத்தர். இந்தத் தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். குறி உள்ள இடத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது, படிக்கவே வேண்டாம். நான் எழுதியது ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை.

என் தம்பிக்கு எல்லாமே நான்தான் எழுதுவேன். வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, மகளின் பள்ளிச் சேர்க்கை, எல்லாம். ரொட்டிக்கடையில் விடிகாலை வேலை அவனுக்கு. பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. எனக்குக் கல்யாணம் காட்சி கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருத்தன்தான்.

இப்போது விபத்துக்கு வருவோம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ரோட்டில், எங்கள் தபால்காரரின் சைக்கிள் மேல் என் கார் பட்டது. அவர் இறந்துபோனார். வண்டியை ஓட்டியது தம்பி என்று கோப்பில் இருக்கும். அவன் இரண்டு வருஷத் தண்டனையில் உள்ளே இருக்கிறான்.

ஓட்டியது நான்தான். மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடைக்காரர் போன் செய்தார், வாங்கப் போனேன். அலுவலக வருகைப் பதிவேட்டில் அந்த நேரத்தில் நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. என் பணிப் புத்தகத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது. வேலை நேரத்தில் வெளியே போனவன் என்று கடைசி நேரத்தில் ஒரு வரி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். நேற்று வந்த பையன்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

இரண்டு நாள் இதே யோசனைதான், க்ளெய்ம் போடுவதா வேண்டாமா என்று. எட்டு வருஷம் ஒரு க்ளெய்ம்கூடப் போடாமல் காப்பாற்றி வந்த போனஸ். பிரீமியத்தில் பாதிக்குப் பாதி தள்ளுபடி. ஒரு தடவை கேட்டால் அத்தனையும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கைக்காசு போட்டுச் சரி செய்தால் போனஸ் தப்பிக்கும். ஆனால் ஹெட்லைட் கண்ணாடித் துண்டுகள் ரோட்டில் கிடந்தன. என்றைக்காவது போலீஸ் வந்தால் வண்டி யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். க்ளெய்ம் படிவத்திலோ பதினோராம் கட்டம் ஒன்று இருக்கிறது: விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் பெயர். போலீஸ் வருவதற்கு முன்பே தேதியும் முத்திரையும் விழுந்த ஒரு காகிதம் எத்தனை பெரிய பாதுகாப்பு என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். மனசே இல்லாமல் போனஸை விட்டுக்கொடுத்தேன்.

முதலில் தம்பிக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே இருந்தாய் என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். வீட்டில் தூங்கினேன், மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில், யாரும் வரவில்லை என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். அன்று சாயங்காலமே படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். வண்டியை கேட் தூணில் இடித்துவிட்டேன், லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, ஓட்டியவன் என்று உன் பெயரைப் போட்டால்தான் க்ளெய்ம் கிடைக்கும் என்றேன். ஊரில் எல்லாரும் செய்வதுதானே. என் லைசென்ஸ் இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லும். அதை அவன் பார்க்கக் கேட்கவில்லை.

"இதுக்குப் போய் நீ நேர்ல வரணுமாண்ணா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்து போட்டிருப்பேனே" என்றான். சப்பாத்தி மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் குறி இருந்த மூன்று இடத்திலும் போட்டான். படிக்கவில்லை.

படித்திருந்தாலும் அதில் பொய் அதிகம் கிடையாது. தேதி, நேரம், இடம் எல்லாம் நடந்தது நடந்தபடி. விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'பாதையில் இருந்த தடை' என்று எழுதினேன். பிறருக்குக் காயம் உண்டா என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு போட்டால் பொய் சொன்னதாகாது. சேதத்தை மதிப்பிட உங்கள் சர்வேயர் வந்தார். அவருக்கு அன்றைக்கு ஏழு வண்டி. போட்டோ எடுத்துவிட்டு, நான் எழுதின வரிசைப்படியே டிக் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக விசாரித்துப் போலீஸ் வந்தது. ஸ்டேஷனுக்கு நானும் தம்பியோடு போனேன். செத்துப்போனது தபால்காரர் என்று கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் படிவத்தை அவன் முன்னால் தள்ளினார்.

"உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்ட?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சுப் பாத்துதான் சார் போட்டேன்" என்றான்.

நான் அவனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஏதோ தெரியாமல் இடித்துவிட்டான் என்று நினைத்து அவனாகவே தலையைக் கொடுத்தான். அவன் மனைவி அப்படியில்லை. என் முகத்துக்கு நேராகவே, "உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க, போதும்" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்புறம் படிவத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கி, வரி வரியாகப் படித்து, பின்பக்க பம்பரைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு மனு போட்டிருக்கிறாள். மனுவைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே நாலு எழுத்துப்பிழை. என்னிடம் கொடுத்திருந்தால் திருத்தித் தந்திருப்பேன்.

பாவம், அவளுக்கு விவரம் போதாது. பின்பக்கம் நசுங்கியதற்குக் காரணம் தெரிந்தால் இது விபத்து வழக்காக இருக்காது. ஓட்டியவன் பெயரில் கொலை என்று எழுதுவார்கள். இரண்டு வருஷத்தில் வெளியே வர வேண்டியவன் தலை நரைத்துத்தான் வருவான். மகளுக்கு இப்போதே ஒன்பது வயசு.

சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பட்டதும் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் விழுந்தார். என் வண்டி கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது. இறங்கி நடந்து அவரிடம் போனேன். ரோடு முழுக்கக் கடிதம். ஆள் நல்ல நினைவோடு இருந்தார். பதினொரு வருஷமாக எனக்குத் தபால் கொண்டுவருகிறவர், நிமிர்ந்து பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"சார், நீங்களா? பயப்படாதீங்க சார், கால்தான் போச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குத் தைரியம் சொன்னார். நல்ல மனுஷர், பொய் பேச மாட்டார். மணி மூன்று பத்து, நான் ரோட்டில் நின்றுகொண்டிருக்கிறேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுவார். இருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பி வந்தேன். உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். ரிவர்ஸ் கியர் போட்டேன். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன், அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மறுபடி முன்னால் எடுத்து, இன்னொரு தடவை பின்னால் வந்தேன்.

ஆகவே பம்பர் இரண்டும் சேதம். சேதம் எதுவோ அதைத்தான் எழுதினேன். பதினோராம் கட்டத்தை வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள், அந்தப் பெயர் என் பெயராக இருக்க வேண்டும். பின்பக்க பம்பரை நான் தவறுதலாகச் சேர்க்கவில்லை. உங்கள் மேலதிகாரி அந்தச் சிவப்பு மைக் குறிப்பை அடித்து, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு என்னைக் குற்றம் சொல்ல யாருக்கும் எதுவும் இருக்காது.