திரையில் நின்றுபோன எண்

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை. யாரோ அட்டையை நாலாக மடித்து அடியில் செருகியிருக்கிறார். நல்ல வேலை, மேசை துளியும் ஆடவில்லை. செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றியிருக்காது. குறையாகச் சொல்லவில்லை. விசாரிக்க உட்கார்ந்ததும் ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள், பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் ஒரு மென்பொருளைப் பராமரிப்பவன். அதன் பெயர் 'கூப்பிடு'. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், இன்குபேட்டர் என்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் பிள்ளையின் நாடித்துடிப்பையும் நர்ஸின் மேசைத் திரையில் காட்டுவது கூப்பிடு. சரியாக இருந்தால் எண் பச்சையில் நிற்கும். தவறினால் சிவந்துபோய்ச் சத்தம் போடும். பெரிய மருத்துவமனைகள் இதற்கென்று விலை உயர்ந்த கருவி வாங்கிக்கொள்ளும். வாங்க வழியில்லாத சின்ன மருத்துவமனைகளுக்காக இதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், பிரித்துப் பார்க்கட்டும், திருத்தட்டும் என்று வெளியே வைத்தேன். எத்தனை நாடுகளில் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.

சம்பளம் கிடையாது. என் மனைவி ஒரு செருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறாள், குடும்பம் அதில்தான் ஓடியது. மாமனார் வரும்போதெல்லாம் கேட்பார்.

"மாப்ள இப்ப என்ன பண்றாரு?"

"அதேதான்பா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் சும்மா எழுதிக் குடுக்கறாரு."

"சும்மா எழுதறாரா, சும்மா இருக்காரா?"

நான் பக்கத்து அறையில் இருப்பேன். கதவு சாத்தியிருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

இந்த மாதிரி வேலைக்குச் சோறு போடவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. தலைவர் இல்லை, அலுவலகம் இல்லை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள். ஒரு பொது நிதி வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது ஒரு சுற்று நடக்கும். அப்போது யாருக்கு எந்த மென்பொருள் பிடிக்கிறதோ அதற்குத் தன் கையிலிருந்து கொஞ்சம் போடலாம். அதைக் கை தூக்குவது என்போம். பொது நிதி தொகையைப் பார்க்காது, எத்தனை கை என்றுதான் பார்க்கும். ஒரு பணக்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாலும், நூறு பேர் ஆளுக்கொரு டீக்காசு போட்ட மென்பொருளுக்குத்தான் நிதியிலிருந்து அதிகம் போய்ச் சேரும். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் இதைவிட நியாயமான விதியை யாராவது காட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கோளாறு. கண்ணில் படுவதற்குத்தான் கை தூக்குவார்கள். ஒழுங்காக ஓடுகிற ஒன்று யார் கண்ணில் படும்? ஒவ்வொரு சுற்றிலும் நான் வாலில்தான் இருப்பேன். ஒருமுறை, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு பூனையை நடக்கவிடும் மென்பொருள் முதலிடம் வந்தது. பூனை அழகாகத்தான் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒருநாள் தற்செயலாக ஒன்று நடந்தது. கூப்பிடு பாதிப் பகல் நின்றுபோனது. என் தவறில்லை, அதன் மையக் கம்ப்யூட்டர் இருந்த கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. திரைகள் எல்லாம் ஒரேயடியாகக் கறுத்துவிட்டதால் நர்ஸ்கள் பெட்டி பெட்டியாக நடந்து கையாலேயே பார்த்தார்கள், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் பொது அரட்டைப் பக்கம் பற்றி எரிந்தது. இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஒரே ஒரு ஆளா, சம்பளம்கூட இல்லையா என்று ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்தச் சுற்றில் எனக்கு எழுந்த அத்தனை கைகள் அதற்குமுன் எழுந்ததே இல்லை. அடுத்த சுற்றில் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

இனி கமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு நர்ஸாக இருந்து, பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள். விட்டுப்போன காற்புள்ளியைக்கூட மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவோம். கூப்பிடுவில் எனக்கிருந்த ஒரே துணை அவள்தான். வாயைத் திறந்தால் அண்ணா, அண்ணா. அவள்தான் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தாள். பெட்டிக்கும் திரைக்கும் நடுவே இணைப்பு அறுந்தால் திரை கத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட விதமாக அறுந்தால் கத்தவில்லை. கடைசியாக வந்த எண்ணையே பிடித்துவைத்துக்கொண்டு பச்சையாக நின்றது. உள்ளே பெட்டி சில்லிட்டுப் போனாலும் வெளியே கதகதப்பாகத்தான் காட்டும்.

"நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று மதியமே சரிசெய்தும்விட்டேன். சின்னத் திருத்தம். அதை வெளியிடாமல் என் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டேன். சுற்று இன்னும் திறக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான பிழை தெரியவந்தால், அதற்கான திருத்தம் வெளிவரும்வரை யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது. திருடனுக்குப் பூட்டின் குறையை நாமே சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம், நல்ல வழக்கம். கமா அதை மீறக்கூடியவள் இல்லை. பிழையை நாங்கள் இருவர் மட்டும் பார்க்கக்கூடிய மூடிய பக்கத்துக்கு மாற்றினேன். இரண்டு முறை கேட்டாள்.

"அண்ணா, அந்த நின்னுபோற எண் விஷயம் என்னாச்சு?"

"பாத்துட்டே இருக்கேன்மா. அவசரப்பட்டா வேற எங்கயாவது உடையும்."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க நான் அவளுக்கு எந்தக் காரணமும் கொடுத்ததில்லை.

வீட்டில் மனைவி கெடு வைத்திருந்தாள். "ஊருக்கெல்லாம் தொட்டில் ஆட்டினது போதும். இந்தச் சுற்றிலயும் ஒண்ணும் வரலன்னா மூட்டை கட்டிடுங்க. கடையில எங்க முதலாளி ஆள் தேடறாரு." செருப்புக் கடையில் உட்காருவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. நான் போய்விட்டால் கூப்பிடுவை யார் பார்த்துக்கொள்வார்கள்? பார்க்க ஆளில்லாத மென்பொருள் மெல்ல மெல்ல அழுகும். நாளைக்கு நூறு பெட்டிகள் பொய் சொல்லும். இன்றைக்கு ஒரு பெட்டி கொஞ்ச நேரம் பொய் சொன்னால், அந்த நூறும் பிழைத்துக்கொள்ளும். எந்தக் கணக்குப்பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்காவது ஒரு வார்டில் எண் நின்றுபோகும், ஒரு நர்ஸ் கவனித்துக் கூச்சல் போடுவார், அந்த நிமிடமே திருத்தத்தை வெளியிட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பது தெரியுமா என்று கேட்கப் போகிறீர்கள். தெரியும். அந்தப் பெட்டிகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு.

சுற்று திறந்தது. கை தூக்கும் நாட்கள் பாதி தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஒரு சின்ன மருத்துவமனையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் ஒரு வயரைப் பிடுங்கி, திரும்பச் செருகியிருக்கிறார்கள். இணைப்பு அந்தக் குறிப்பிட்ட விதமாக அறுந்தது, அதே இழுப்பில் பெட்டியின் சூடேற்றியும் நின்றுவிட்டது. திரை பச்சையாகவே இருந்தது. நர்ஸ் திரும்பத் திரும்பத் திரையைத்தான் பார்த்திருக்கிறார். அதைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தோம். பெண் குழந்தை. பெயர் வைத்திருக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து திருத்தத்தை வெளியிட்டேன். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

பிறகு கைகள் எழுந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்துகொண்டே இருந்தன. முதலிடம். அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், பிழை மென்பொருளில்தான், அவர்மேல் துளியும் தவறில்லை என்று என் பெயரைப் போட்டு எழுதி அனுப்பினேன். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இதையும் உங்கள் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எப்படி மாட்டினேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை. எழுதுகிற ஒவ்வொரு திருத்தத்தோடும் அதை எழுதிய தேதி தானாக ஒட்டிக்கொள்ளும். வெளியிட்ட தேதி வேறு, எழுதிய தேதி வேறு. இரண்டையும் யாரும் பார்க்கலாம், எங்களிடம் எல்லாமே திறந்துதான் கிடக்கும். ஒரே ஒரு கட்டளையில் பழைய தேதியை மாற்றியிருக்க முடியும். மாற்றவில்லை. நடந்த வரலாற்றைத் திருத்துவது எங்கள் தொழிலில் ஈனத்தனம். அப்படிப்பட்ட காரியத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை.

ஊரெல்லாம் பாராட்டிக்கொண்டிருந்தபோது கமா மட்டும் தேதியைப் பார்த்தாள். போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, தேதி தப்பா விழுந்திருக்கு."

"தப்பில்லம்மா."



"நான் கேட்டேனே அண்ணா. ரெண்டு தடவ கேட்டேனே."

இப்போது உங்களிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன், கணக்கு உட்பட. அவள் தன்னிடமிருந்த, கூப்பிடுவைத் திருத்த உதவும் சாவிகள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். நிரல் எழுதுவதையே விட்டுவிட்டாள் என்கிறீர்கள். நஷ்டம்தான், அவளைப் போல் இன்னொருத்தி கிடைக்க மாட்டாள்.

அவள் தந்த இன்னொரு தகவலையும் நீங்கள் கையில் வைத்திருப்பது தெரிகிறது. தயங்காமல் கேளுங்கள். ஆமாம், சுற்று தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று கூப்பிடுவை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. நாலு பேருக்குச் சம்பளம், நாலில் நானும் ஒருவன். கமாதான் அலைந்து ஏற்பாடு செய்தாள். வேண்டாம் என்றேன். நாலு பேர் சேர்ந்து எழுதினால் அது யாருடையது என்று இருக்கும்? பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடு, வேண்டுமானால் அதே வீட்டில் நீயும் ஓரமாக இருந்துகொள் என்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

வேறு வழி இருந்ததே என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் கருத்து. ஆம், நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். கூப்பிடு பிழைத்தது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எத்தனையோ பிள்ளைகள் மூச்சுவிடுகின்றன. இத்தனை வருடம் ஒரு கையும் தூக்காமல் எடுத்துப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் எனக்குத் தண்டனை கேட்கிறார்கள் என்று அறிந்தேன். கேட்கட்டும். இப்போதாவது என்னைக் கவனிக்கிறார்களே.

ஆனால் புகழுக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். பேருக்கும் நன்றிக்கும் அலைகிறவன் நான் இல்லை. எனக்கு அது எப்போதும் கிடைத்ததும் இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தக் குழந்தையின் அப்பா எழுதியிருந்தார். உடனே சரிசெய்து மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டீர்கள், எங்கள் வீட்டில் எல்லோருடைய நன்றியும் உங்களுக்கு என்று. நான் என் வேலையைத்தான் செய்தேன் என்று பதில் போட்டேன். பிறகு சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, "பாரு, கடைசியில ஒருத்தர் நன்றின்னு எழுதிட்டாரு" என்றேன்.