செல்வி எடுத்த பூவோடு

துணி எடுக்கும்போது ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது என் வழக்கம், மேடம். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகும், பட்ட இடத்தில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம்.

பைக் விபத்துக்குப் பிறகு என் மகன் சிவராஜுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவனைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் மருமகள் அன்புச்செல்விதான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாகாளியம்மன் கோயிலில் நோம்பி சாட்டி, திருவிழாவை அறிவித்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவருக்கு வேண்டுன பூவோட்டை எடுத்துட்டு, நான் வெள்ளகோவில் எங்கம்மா ஊட்டுக்கே போயிர்றனுங்க அத்தை. இனி என்னால ஆகாதுங்க.”

“உன் இஷ்டம் கண்ணு,” என்றேன்.

அவள் மேல் தப்பே இல்லை, சின்ன வயசு. அவள் அம்மா வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முதுகு போய்விட்டது. ஒருமுறை அவனைத் தனியாகத் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்து, யாராவது வரும்வரை தரையிலேயே கிடந்தோம். அவன் சிரித்தான். எனக்குப் பயமாக இருந்தது.

சேலையை நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். பூவோடு என்பது எரிகிற மண்சட்டி; அதை ஏந்துகிறவர்கள் நனைத்த பருத்திச் சேலைதான் கட்டுவார்கள். நான் எடுத்தது பாலியஸ்டர். கொளுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன்.

கட்டும்போது, “வழுக்குதுங்க அத்தை,” என்றாள்.

“புதுசு, அப்படித்தான் இருக்கும்.”

அவள் வேப்பிலையோடு சட்டியை ஏந்தி முன்னால் போனாள். நான் மஞ்சள் நீர்க் குடத்தோடு பின்னால். கோயில் முனையில் காற்றுத் திரும்பி ஒரு கங்கு அவள் தோள்மேல் விழுந்தது. தள்ளிவிட்டது நானில்லை. அம்மனுக்கு இஷ்டமில்லை என்றால் அது தரையில் விழுந்திருக்கும்.

ஸ்டேஷனில் நீங்கள் காட்டிய வீடியோவில் நான் சும்மா நிற்பதுபோல் தெரிகிறது. சும்மா நிற்கவில்லை. கன்னத்திலும் கழுத்திலும் தழும்பு விழுந்தவளை மறுபடி யார் கட்டுவார்கள்? அதற்கு எவ்வளவு வேக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துத்தான் குடத்தைச் சாய்த்தேன். அதற்குள் தீயைத் தட்டிய அவள் கைகளும் போய்விட்டன. அது நான் நினைக்காதது.

“நீங்க தண்ணி ஊத்தலீன்னா செத்திருப்பனுங்க அத்தை,” என்று ஆஸ்பத்திரியில் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு, கூட்டிப்போகும் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். விரல்கள் ஒட்டிவிட்டதால் சோறு நான்தான் ஊட்டுகிறேன். சீக்கிரம் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிடுங்கள், மேடம். இரண்டு பேரும் கிடக்கிறார்கள், என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?