துளையிட்ட கரண்டி

அறுவடைத் திருநாளுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சபை மூப்பர் ஜக்கிப் அண்ணன் அவர்களே, மலைபோல் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, விடியுமுன்னே அடுப்பு மூட்டிய தாய்மார்களே, வணக்கம்!

ஜெபம் முடியும்வரை என் மனைவி முன்வரிசையிலிருந்து கையசைத்தாள். இந்த வயதிலும் என்ன அன்பு என்று நானும் அசைத்தேன். தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றச் சொன்னாளாம்! சிரியுங்கள், சிரியுங்கள். டிராக்டர் ஓட்டுபவனை மேடையேற்றினால் இதுதான் நடக்கும்.

போன ஆண்டு இதே விருந்து. சிறையிலிருந்து வந்த எசென் வாசலோரம் உட்கார்ந்தான். அவன் சம்மதித்ததால்தான் சொல்கிறேன். பையிலிருந்து தன் கரண்டியை எடுத்தான். காம்பில் ஒரு துளை.

அந்தத் துளை என்னவென்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். கைதிகள் தங்களுக்குள்ளேயே கீழ்மட்டமென்று ஒதுக்கிவைத்தவனின் அடையாளம் அது. அந்தக் கரண்டியைத் தொட்டவனும் அப்படியே ஒதுக்கப்படுவான். அங்கே ஏழு வருடம் இருந்து வந்த நம் பாடகர் கெனெஷ் துள்ளி எழுந்தார்.

"அண்ணே, இவன் இருக்கற விரிப்புல நான் சாப்பிட மாட்டேன்."

"நீங்க உக்காருங்கண்ணே. நான் வெளிய போய்த் தின்னுக்கிறேன். பழக்கந்தான்," என்றான் எசென், கிண்ணத்தோடு எழுந்து.

அன்பு நெஞ்சங்களே! பசித்தவன் முன்னே பந்தியை விரித்தோமா, பழியை விரித்தோமா? ஊர் ஒதுக்கிய ஆயக்காரரோடு அமர்ந்து அப்பம் பிட்டவரை ஆண்டவர் என்கிறோம்; அவர் அமர்ந்த பந்தியில் அளவுகோல் இருந்ததா? ஆள் பார்த்து அப்பம் இருந்ததா?

எனக்குப் பிரசங்கம் வராது. "தம்பி, அந்தக் கரண்டிய இப்பிடிக் குடு. சூப்பு ஆறுது," என்று வாங்கி ஒரு வாய் குடித்தேன். ஆறவே இல்லை! நாக்கு வெந்து கண்ணீர் கொட்டியது. நான் உருகி அழுவதாக நினைத்துத் தாய்மார்களும் அழுதார்கள்.

கெனெஷ் நின்றுகொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள். தொடாமல் இருந்ததால்தான் அவர் அங்கே உயிர் பிழைத்தார். தொட்டதாகப் பழைய சிறைக் கூட்டாளிகள் காதுக்கு எட்டினால் அவர் கதையும் அதோடு முடிந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்ட நானா அவரை எடைபோடுவது?

கடைசியில் கெனெஷ் எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"உப்பு இருக்கா, அண்ணே?"

"நாக்கு செத்துப்போச்சு, தம்பி. நீயே பாத்துச் சொல்லு."

கரண்டியை நீட்டினேன். கெனெஷ் கை முதலில் பின்வாங்கியது. ஆனாலும் அது வந்தது, ஐயா! வந்து வாங்கியது! ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி. எசென், நீ உக்காரு. எங்க போற?" என்றார்.

அவன் உட்கார்ந்தான். அன்று நாம் அனைவரும் பந்தி அமர்ந்தோம்; அன்றுதான் அமர்ந்தோம்!

ஆறப்போகும் சோற்றை முன்னே வைத்துக்கொண்டு என்னைப் பொறுத்த உங்களுக்கு நன்றி; உங்கள் வீடுகளுக்குச் சமாதானம். இறங்குமுன் ஒன்று. என் மூத்தவன் தாலாய் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், அறிவீர்கள். அந்தக் கரண்டியை வாயில் வைத்தபோது நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: ஆண்டவரே, என் பிள்ளை கையில் எந்தக் கரண்டி இருந்தாலும், அதை வாங்கிக் குடிக்க அங்கே ஒருத்தன் இருக்கட்டும்.