அடியில்லாத கடல்

துறைமுகத்தடியில் நிலாவெளி பஸ்ஸுக்காக நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற தமிழ் ஆசிரியை, கடலாய்வு செய்யும் இளைஞர் ஒருவரிடம் கேட்டார்.

“தம்பி, சல்லிக் கரையில வலை இழுக்கேக்க பாடுற பாட்டில, இந்தக் கடலுக்கு அடியே இல்லையெண்டு வருது. உண்மையோ?”

“ஒருவிதத்தில ஓம், ரீச்சர். துறைமுக வாயிலுக்குக் கிட்டவே கடலுக்கடியில சரியான ஆழமான பெரிய பள்ளத்தாக்கு இருக்கு. ஏன் கேக்கிறீங்கள்?”

“போன மாதம் என்ர அண்ணன் அந்தப் பக்கம்தான் மீன்பிடிக்கப் போனவர். படகு மட்டும்தான் வந்தது. அவர் எண்டைக்காவது கரையொதுங்குவாரோ?”

இளைஞர் தலை குனிந்துகொண்டார். “அந்தப் பள்ளத்துக்குள்ள போனால் திரும்பி வர ஏலாது, ரீச்சர்.”

பஸ் வந்தது. ஆசிரியை ஏறவில்லை.

“அந்த வரியை இவ்வளவு வருசமும் பிள்ளையளுக்கு உயர்வு நவிற்சி, வெறும் மிகைப்படுத்தல் எண்டுதான் படிப்பிச்சனான், தம்பி.”